கொடிக்கு நம் மழைக்காலத்தைப் பழக்குவோம்
தருமபுரி மாவட்டத்து வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோட்டக்காரர்களே,

பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் பென்னாகரத்திலும் அரூரிலும் வீட்டு வாசலிலோ கொல்லையிலோ பந்தல் போட்டு அவரையும் பீர்க்கும் பாகலும் ஏற்றி வளர்க்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு இந்த மடலை எழுதுகிறேன். அந்தப் பந்தல்களில் ஒன்றை விதையில்லாத் திராட்சைக்கு ஒதுக்குங்கள். இதைப் படித்ததும் உங்களில் சிலர் தலையை ஆட்டி மறுப்பீர்கள் என்று தெரியும். திராட்சைக் கன்று வாங்கி நட்டு, இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி, பந்தல் முழுக்க இலை மூடியும் ஒரு குலைகூடக் கண்ணில் படாமல், கடைசியில் அடியோடு வெட்டிப் போட்ட வீடுகள் நம் மாவட்டத்தில் குறைவில்லை. “நம்ம ஊருக்கு இது ஒத்து வராது” என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தப் பேச்சு சரியில்லை என்பதே என் வாதம். நம் வெயிலும் மண்ணும் திராட்சைக்குப் போதும். நாம் நடுகிற ரகமும் வெட்டுகிற மாதமும் மகாராஷ்டிரத்து நாசிக்குக்கு ஏற்றவையாக இருக்கின்றன. பெய்கிற மழையோ தருமபுரி மழையாக இருக்கிறது. இந்த இரண்டையும் பொருத்திவிட்டால் கொடி காய்க்கும்.

முதலில் கொடி எப்படிக் காய்க்கிறது என்று பார்த்துவிடுவோம். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. குளிர்நாடுகளில் திராட்சை பனிக்காலத்தில் இலையை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் புதிதாகத் துளிர்த்துக் காய்க்கும். நம் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது. வருடம் முழுவதும் இலையும் தண்டுமாக ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திக் காய்க்கவைப்பது கவாத்துதான். வெட்டிய பத்துப் பதினைந்து நாளில் கண் உடைந்து துளிர் வரும். அந்தத் துளிரின் மூன்றாவது, நான்காவது இலைகளுக்கு எதிரே பச்சைக் கடுகைக் கொத்தாக ஒட்டிவைத்ததுபோல் பிஞ்சுக் குலை தெரியும். ஆனால் அந்தக் குலை அன்றைக்கு உருவானதில்லை. பல மாதங்களுக்கு முன்பே, அந்தக் குச்சி இளந்தண்டாக இருந்தபோதே, அதன் கண்ணுக்குள் கருக்கொண்டுவிட்டது. குச்சியை வளர்க்கச் செய்த கவாத்திலிருந்து நாற்பதாம் நாள் முதல் அறுபதாம் நாள் வரையிலான நாட்கள்தான் இதற்கு முக்கியமானவை. அப்போது கண்ணின்மேல் நல்ல வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கிற கரு குலையாகும்; நிழலில் கிடந்தால் அதே கரு பற்றுக்கம்பியாகிவிடும். வெட்டாமல் விட்ட கொடி பந்தலை மூடிப் பச்சைப்பசேலென்று நின்றும் காய்க்காததற்குக் காரணம் இதுதான். தன் இலையின் இருட்டில் அது தன் குலைகளைத் தானே பற்றுக்கம்பியாக்கிக்கொள்கிறது. அதனால் விதையில்லா ரகங்களுக்கு வருடத்தில் இரண்டு வெட்டு தேவை. குச்சியைப் புதிதாக வளர்க்க ஒன்று, அந்தக் குச்சியிலிருந்து குலையை வெளியே கொண்டுவர இன்னொன்று.

இந்த இரண்டு வெட்டும் எப்போது விழ வேண்டும் என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். இந்தியாவில் விதையில்லாத் திராட்சையின் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் நாசிக், சாங்லி, சோலாப்பூர் மாவட்டங்களில் விளைகிறது. அங்கே ஏப்ரலில் முதல் வெட்டு, அக்டோபரில் காய்ப்பு வெட்டு, பிப்ரவரி–மார்ச்சில் அறுவடை. அவர்களுக்குப் பருவமழை செப்டம்பர் முடிவில் விடைபெறத் தொடங்கிவிடும். அக்டோபரில் துளிர்க்கும் இளந்தளிர் வறண்ட, குளிர்ந்த காற்றில் வளரும். காணொளிகளிலும் கன்று விற்பவர்களின் பேச்சிலும் நமக்கு வந்துசேர்வது இந்த நாட்காட்டிதான். நம் மாவட்டத்தின் ஆண்டு மழை 850 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் செப்டம்பரும் அக்டோபரும்தான் உச்சம். வடகிழக்குப் பருவமழை நவம்பரிலும் தொடர்ந்து, சில வருடங்களில் டிசம்பர் முதல் வாரங்களையும் எட்டும். அக்டோபரில் வெட்டினால் தளிரும் பூவும் சரியாக அந்த ஈரத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். இலைக்கு அடியில் வெள்ளை மாவு பூத்ததுபோல் படரும் அடிச்சாம்பல் நோய்க்கு வேண்டியதெல்லாம் இளந்தளிரும் நனைந்த இலையும்தான். ஒரு வார மழையில் பிஞ்சுக் குலை பழுப்பேறி உதிர்ந்துவிடும்.

அதனால் நாட்காட்டியை இரண்டரை மாதம் தள்ளிவையுங்கள். காய்ப்பு வெட்டு டிசம்பர் கடைசியில் இருக்கட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோடைப் பயிருக்கு டிசம்பர்–ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல்–மே மாதங்களில் அறுக்கச் சொல்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை நம் மாவட்டத்தில் மழை மிகக் குறைவு. தளிரும் பூவும் பிஞ்சும் அந்த வறட்சியில் பிழைத்துக்கொள்ளும். வெட்டிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் பழம், அதாவது ஏப்ரல் கடைசியில். பழம் பறித்த பிறகு கொடிக்கு இரண்டு மூன்று வாரம் ஓய்வு கொடுத்து, மே நடுவில் முதல் வெட்டு. அதிலிருந்து வரும் குச்சியில் குலை கருக்கொள்ளும் நாட்கள் ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் பாதியிலும் விழும். செப்டம்பர் அடைமழைக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடும். மழை வரும்போது கொடியில் இருப்பது முற்றிய இலை, நோய் அதை அவ்வளவு எளிதில் தின்னாது. கோடை மழை ஏப்ரல் கடைசியிலேயே வந்து பழுத்த மணியை வெடிக்கவைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆபத்து உண்டு. அதற்கான பதில் ரகத்தில் இருக்கிறது.

கடையில் நாம் வாங்குகிற நீண்ட பச்சைத் திராட்சை பெரும்பாலும் தாம்சன் சீட்லெஸ் அல்லது அதிலிருந்து பிறந்த ரகம். மேற்கு ஆசியாவில் நெடுங்காலமாகப் பயிராகிவந்த பழைய கொடி அது. 1870களில் கலிபோர்னியாவில் வில்லியம் தாம்சன் வளர்த்துப் பரப்பியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அருமையான பழம், ஆனால் வீட்டுத்தோட்டத்துக்கு முரண்டு பிடிக்கிற கொடி. பன்னீர் திராட்சையில் குச்சியின் அடிக்கண்களிலேயே குலை இருக்கும். தாம்சனில் அது குச்சியின் நடுப்பகுதியில்தான் இருக்கும். எந்தக் கண்ணில் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது. நாசிக் பக்கத்து விவசாயிகள் அக்டோபர் வெட்டுக்கு முன் குச்சிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணைப் பிளந்து நுண்ணோக்கியில் பார்த்து, எத்தனையாவது கண்ணில் வெட்டலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். நம் வீட்டுப் பந்தலுக்கு அது நடக்கிற காரியமா? இந்தச் சிக்கலுக்கு நம்மிடமிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் ஒரு வழி இருக்கிறது. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இயங்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், தென்னிந்தியத் தட்பவெப்பத்திலேயே தாம்சனை வேறு ரகங்களோடு கலந்து அர்கா என்ற பெயர்வரிசையில் பல ரகங்களை உருவாக்கியது. பிளாக் சம்பாவையும் தாம்சனையும் கலந்து வந்த அர்கா நீலமணி கருநிறமானது, விதையில்லாதது. பறவைக்கண் நோயைத் தாங்கும், மணி எளிதில் வெடிக்காது, சர்க்கரை அளவு 20 முதல் 22 பிரிக்ஸ் வரை எட்டும். அதே பெற்றோருக்குப் பிறந்த அர்கா கிருஷ்ணாவும் கருப்பு, சாறு மிகுந்தது. அனாப்-இ-ஷாஹியோடு தாம்சனைக் கலந்து வந்த அர்கா ஸ்வேதா மஞ்சள் பச்சை. வெடிக்காத மணி என்ற ஒரே குணத்துக்காகவே நம் மாவட்டத்துக்கு அர்கா நீலமணியை முதலில் சொல்வேன். ஏப்ரல் மழையின் மிரட்டலுக்கு அது நேரான பதில். வண்டியில் கொண்டுவந்து “சீட்லெஸ்” என்று சொல்லி விற்கிற கன்றின் ரகம் விற்பவருக்கே தெரியாது. ரகத்தின் பெயரைச் சொல்லி, நம்பகமான நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள்.

மகசூலை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அர்கா நீலமணிக்கு நிறுவனம் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு 28 டன். அப்படியானால் நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு பந்தலுக்கு 33 கிலோவுக்கு மேல் வரும். ஆராய்ச்சிப் பண்ணையின் பராமரிப்பு நம் வீட்டில் கிடைக்காது; பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 15 கிலோவுக்குக் குறையாது. ஆனால் அந்த மணி கடையில் இருக்கிற அளவில் இருக்காது, அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. விதையில்லாத் திராட்சையை நகத்தால் பிளந்து பார்த்தால் நடுவில் மெல்லிய வெள்ளைத் துணுக்கு ஒன்று தட்டுப்படும். அது விதையாக ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோனது. கனியைப் பெரிதாக்குகிற ஜிப்ரலின் என்ற ஊக்கி பெரும்பாலும் விதையிலிருந்துதான் சுரக்கிறது; விதை நின்றுபோனால் மணியும் சிறுத்துவிடும். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் இந்த ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தால் மணி பெருக்கிறது என்று கண்டார்கள். இன்றைக்குச் சந்தைக்கு வருகிற விதையில்லாத் திராட்சை அநேகமாக எல்லாமே பல முறை அந்தத் தெளிப்பு வாங்கியதுதான். கண்களை ஒரே சமயத்தில் உடைக்க ஹைட்ரஜன் சயனமைடு பூசுகிறார்கள். அது மனிதருக்கு நஞ்சு, வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாத பொருள். தண்டின் ஓட்டத்தை அடக்கத் தெளிக்கிற குளோர்மெக்வாட் குளோரைடின் எச்சம் இருந்ததால் 2010இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சை சிக்கலுக்கு உள்ளாகி, ஏற்றுமதியாளர்களும் விவசாயிகளும் பெரும் நட்டப்பட்டார்கள்.

இவை எதுவும் நமக்கு வேண்டாம். சயனமைடுக்குப் பதில், காய்ப்பு வெட்டுக்கு இரண்டு வாரம் முன்பு தண்ணீரைக் குறைத்து, இலைகளைக் கையால் உருவிவிடுங்கள். கண்கள் ஓரளவு ஒன்றாக உடையும். குளோர்மெக்வாட்டுக்குப் பதில், மே வெட்டுக்குப் பின் வரும் தண்டு ஏழெட்டு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். மணியைக் கொஞ்சம் பெருக்கச் சின்னக் கத்தரிக்கோல் போதும். பிஞ்சு மணிகள் கம்பு அளவில் இருக்கும்போது குலையின் உள்ளே நெருங்கிக் கிடக்கிறவற்றை எடுத்து, மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் மிச்சமுள்ளவை காற்றும் இடமும் கிடைத்துத் தேறும். அதற்குப் பிறகும் மணி சிறியதாக இருந்தால், சிறியதாகவே சாப்பிடுவோம். விற்பவருக்கு அளவு முக்கியம். வீட்டுக் குழந்தைக்கு இனிப்பு முக்கியம்.

இனி, எதிர்ப்பாக எழக்கூடிய கேள்விகளுக்கு வருகிறேன். விதையில்லாத பழம் இயற்கைக்கு மாறானது, மரபணு மாற்றியது, சாப்பிடக் கூடாது என்று பலரும் நம்புகிறார்கள். தாம்சனில் விதை நின்றுபோவது கொடியில் தானாக நேர்ந்த மாற்றம். ஆய்வகம் என்ற ஒன்று பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மனிதர்கள் அந்தக் கொடியைக் கண்டு, குச்சி நறுக்கி நட்டுப் பெருக்கினார்கள். உலர்திராட்சையாக நாம் பாயசத்தில் போடுவதும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பழம்தான். அர்கா ரகங்கள் மகரந்தத்தைக் கையால் சேர்த்து உண்டாக்கிய கலப்பினங்கள்; நெல்லிலும் தக்காளியிலும் நாம் அன்றாடம் ஏற்றுக்கொண்ட முறை அது.

பன்னீர் திராட்சையே போதுமே, தேனி மாவட்டத்துக் கம்பத்தில் அது இரண்டு வருடத்துக்கு ஐந்து போகம் தருகிறதே என்பது இன்னும் வலுவான கேள்வி. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பழம். அதன் மணத்துக்கு இணை கிடையாது. கவாத்தில் பிழை நேர்ந்தாலும் மன்னிக்கிற கொடி என்பதும் உண்மை. ஆனால் ஐந்து போகம் என்றால் ஏதாவது ஒரு போகம் மழையில் சிக்கத்தான் செய்யும். அதைக் காப்பாற்ற மருந்துத் தெளிப்பு தொடர்ந்து நடக்க வேண்டும். வருடத்துக்கு ஒரே போகம், அதுவும் வறண்ட மாதங்களில் என்பதுதான் வீட்டுக்கு ஏற்ற ஒழுங்கு. மேலும், பன்னீர் நமக்குத் தேனியிலிருந்து புதிதாகவே வந்துவிடுகிறது. விதையில்லாதது பல நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிறது. விதையைத் துப்பத் தெரியாத குழந்தைகளும் பல் போன பெரியவர்களும் இருக்கிற வீட்டில் விளைவிக்க வேண்டியது அதைத்தான்.

மருந்தே இல்லாமல் முடியுமா என்று கேட்டால், முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். காலத்தை மாற்றுவதால் நோய் குறையும், ஒழியாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையைக் காக்க ஒரு சதவீத போர்டோ கலவை வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறு ஐந்து லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பாகத் தேய்த்த இரும்புக் கத்தி ஒன்றைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுங்கள். அதில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். பழம் இருக்கிற மாதங்களில் இதற்கு வேலையே இருக்காது. நம் நாட்காட்டியின் இன்னொரு ஆதாயம் அது.

தண்ணீர் என்பது தருமபுரியில் எந்தப் பயிருக்கும் முன்னால் நிற்கிற கேள்வி. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. குடிக்க வந்த காவிரி நீரைக் கொடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. 12 சதுர மீட்டர் பந்தல் முழுக்க இலை இருக்கும்போது, உச்சக் கோடையில் நாளுக்கு நான்கு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், கொடிக்கு 48 லிட்டர் தேவை. கொடியடியை இலைச்சருகால் மூடி, சொட்டாக விட்டால் இந்தக் கணக்குக்குள் நிற்கும். 100 சதுர மீட்டர் கூரையில் 850 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 85,000 லிட்டர். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் கூரை நீரில் ஒரு பங்கைத் தொட்டியில் நிறுத்தினாலும் கோடைக்குக் கைகொடுக்கும். அரிசி, காய்கறி கழுவிய நீரையும் ஊற்றலாம்; சோப்பு நீர் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர்தான் கதி என்கிறவர்கள், டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றை வாங்குங்கள். உப்பையும் வறட்சியையும் தாங்குவதால்தான் மகாராஷ்டிரத்துத் தோட்டங்கள் அந்த வேருக்கு மாறின. இலையோரம் கருகத் தொடங்கினால் உப்பு ஏறுகிறது என்று பொருள்; அப்போது நல்ல நீரைத் தாராளமாக விட்டு வேர்ப்பகுதியைக் கழுவிவிட வேண்டும்.

மார்ச்சில் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது கடைசிக் கேள்வி. மாம்பழம்போல் பறித்த பிறகு பழுக்கிற கனியல்ல திராட்சை. கொடியிலிருந்து வெட்டிய நொடியில் அதன் இனிப்பு நின்றுபோகிறது. தொலைதூரச் சந்தைக்கு முந்திக்கொண்டு வெட்டிய குலை நம் வீட்டுக்கு வந்து எத்தனை நாள் இருந்தாலும் இனிக்கப் போவதில்லை. சர்க்கரை முழுதும் ஏறும்வரை கொடியிலேயே விட்டுவைக்கிற வசதி வீட்டுக்காரருக்கு மட்டுமே உண்டு. அதோடு, மகாராஷ்டிர வரத்து ஓய்கிற ஏப்ரல் கடைசியில்தான் நம் பழம் கனியும். கிளிக்கும் வௌவாலுக்கும் குலைகளைக் காகிதப் பையிலோ பழைய வேட்டித் துணியிலோ மூடினால் போதும். பென்னாகரம், தொப்பூர் காட்டோரங்களில் குரங்கு வருகிற வீடுகளுக்கு மட்டும் இந்த வேண்டுகோள் பொருந்தாது. அங்கே எந்தத் துணியும் நிற்காது.

நான் கேட்பது இதுதான். வரும் ஜூன்–ஜூலையில் ஒரே ஒரு கன்று, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயில் விழுகிற இடத்தில் நடுங்கள். ஒற்றைத் தண்டாகப் பந்தல் உயரத்துக்கு ஏற்றி, நுனி கிள்ளிக் கை பிரியவிடுங்கள். அதற்கு அடுத்த வருடம் டிசம்பர் கடைசியில் முதல் காய்ப்பு வெட்டு. எத்தனை கண் விட்டு எந்தத் தேதியில் வெட்டினீர்கள், எப்போது துளிர்த்தது, எத்தனை குலை வந்தது, எந்த வாரம் மழை பெய்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு தெருவில் நாலு வீடு எழுதினால், எந்தக் கண்ணில் வெட்டினால் நம் ஊரில் காய்க்கும் என்ற விடை இரண்டு மூன்று வருடத்தில் கிடைத்துவிடும். அந்த நோட்டுகளோடு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், வீட்டுப் பந்தலுக்கான விதையில்லாத் திராட்சைப் பயிற்சி வேண்டும், அர்கா ரகங்களின் நம்பகமான கன்று வேண்டும் என்று கேளுங்கள். இன்று சந்தையில் பேர்பெற்ற தாஸ்-ஏ-கணேஷ் ரகமே சாங்லி மாவட்டத்து விவசாயி ஒருவர் தாம்சன் தோட்டத்தில் தனித்துத் தெரிந்த கொடியைக் கண்டு பிரித்தெடுத்ததுதான். கவனித்துப் பார்த்தவர்கள் கையில்தான் இந்தப் பயிர் எப்போதும் ஊருக்கு ஊர் புதிதாக வேர் பிடித்திருக்கிறது. நம் மாவட்டத்திலும் அந்தக் கவனிப்பை நாம் தொடங்கலாம். அதற்கு ஒரு பந்தலும் ஒரு கத்தரியும் ஒரு நோட்டும் போதும்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்துத் தோட்டப்பிரியர் ஒருவர்